பக்கத்து வீட்டுக் கிடா

பங்குனி பிறந்துவிட்டால் அழகர்மலை அடிவாரத்தில் வேம்பு பூத்துவிடும். புங்க மரம் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுத் தளதளவென்று புதுத் தளிர் விட்டு நிற்கும். கருவேல மரங்களில் காய்ந்த நெற்றுகள் காற்று அடிக்கும்போதெல்லாம் பொலபொலவென்று விழும்.

அந்த நெற்றுகளுக்காக இரண்டு கூட்டம் ஓடிவரும். ஒன்று ஆட்டுக் கூட்டம். மற்றொன்று, ஆடுகளுக்குக் கொடுப்பதற்காக நெற்றுப் பொறுக்க வரும் சிறுவர் கூட்டம். யார் முந்தியது என்று சொல்ல முடியாது!

மதுரையிலிருந்து வடகிழக்கே சுமார் 21 கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது அழகர்கோவில். போகும் வழியில் கடச்சனேந்தல், சுந்தரராஜன்பட்டி, அப்பன்திருப்பதி, கள்ளந்திரி, பொய்கைக்கரைப்பட்டி என்று வரிசையாக ஊர்கள். இந்த ஊர்களில் பிறந்து வளர்ந்து, இன்று தலை நரைத்திருப்பவர்களிடம், "இளவேனிற் காலம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அழகர் வருகை என்பார்கள், மாம்பழம் என்பார்கள், தண்ணீர்ப் பந்தலும் பானகமும் என்பார்கள். சிலர் மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கிடா இருந்தது" என்று தொடங்குவார்கள்.

வயலில் இறங்கும் கிடை

அந்தப் பக்கத்து மண்ணுக்கு உயிர் கொடுப்பது பெரியாற்றுக் கால்வாய். 1895-ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு, மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்கு வந்து, மதுரைச் சீமையின் வயல்களில் பாய்ந்தது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையில் இருபோகம். கள்ளந்திரிக்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒரு போகம். அழகர்கோவிலுக்குப் போகும் சாலை, இந்த இரண்டு கணக்கும் சந்திக்கும் கள்ளந்திரி வழியாகத்தான் போகிறது.

பங்குனி, சித்திரையில் கால்வாயில் தண்ணீர் இராது. அறுப்பு முடிந்த வயல்கள் தாளோடு வெறிச்சென்று கிடக்கும். அப்போதுதான் ஆட்டுக்காரர்களுக்கு மவுசு. பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலில் கொண்டுவந்து மடக்குவார்கள். அதற்குக் 'கிடை போடுவது' என்று பெயர். இத்தனை ஆட்டுக்கு, இத்தனை இரவுக்கு, இவ்வளவு கூலி என்று பேச்சு. புழுக்கையும் சிறுநீரும் மண்ணில் இறங்கினால் அடுத்த போகத்துக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. 'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்பது சம்சாரிகள் வாக்கு.

கிடையில் நிற்பவை பெரும்பாலும் செம்மறிகள். வாடிப்பட்டி வட்டாரத்துக் கச்சைக்கட்டி என்ற ஊரின் பெயராலேயே வழங்கும் கருஞ்செம்மறிகள் மதுரை மாவட்டத்துக்கே உரியவை. ஆனால் வீட்டுத் திண்ணையில் ஏறி, அடுப்படி வரையில் வந்து, சிறுவர்களின் கையிலிருப்பதைப் பிடுங்கித் தின்னும் சொந்தம் வெள்ளாட்டுக்குத்தான் உண்டு.

நேர்ந்துவிட்ட குட்டி

ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். ஏழெட்டு வயது. அவனுக்குப் பெயர் வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தில் அவனைப் போல எத்தனையோ பேர் உண்டு. அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு கோனார். அவருடைய பேரனும் இந்தச் சிறுவனும் கூட்டாளிகள்.

ஒரு பங்குனியில் பேரனுக்குக் காய்ச்சல். மூன்று நாள் போயிற்று, ஐந்து நாள் போயிற்று, தணியவில்லை. வைத்தியம் ஒரு பக்கம் நடந்தது. கிழவர் வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார். "கருப்பா! பிள்ளை பிழைக்கட்டும். வருகிற வருஷம் ஒரு கெடா உனக்கு" என்றார். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

அந்த வாரம் பிறந்த குட்டிகளில் கருகருவென்றிருந்த ஒன்றைக் கிழவர் தேர்ந்தெடுத்தார். காதில் ஓர் அடையாளம் வைத்தார். அன்று முதல் அது 'சாமி கெடா'.

சாமி கிடாவுக்கு இருக்கும் சலுகை அந்த ஊரில் எந்த மனிதனுக்கும் கிடையாது. யார் வேலியில் வாய் வைத்தாலும் அடிக்க மாட்டார்கள். "போய்யா, போ" என்று மரியாதையாகத்தான் விரட்டுவார்கள். இந்தக் கிடா எல்லாவற்றையும் தெரிந்துகொண்டதைப் போலத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தது.

பேரன் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன். அதிகம் ஓட முடியாது. ஆகையால் குட்டியை மேய்ப்பது பக்கத்து வீட்டுச் சிறுவனின் வேலையாயிற்று. அகத்திக் கீரை ஒடித்துக் கொடுப்பான். ஆல இலையைக் கட்டித் தொங்கவிடுவான். மடி நிறைய நெற்றுப் பொறுக்கி வருவான். அது அவனைத் தெருக்கோடியில் கண்டாலே கத்தும். பள்ளிக்கூடத்து வாசல் வரையில் கூட வந்து, விரட்டினால் நாலு எட்டுப் போய்த் திரும்பிப் பார்க்கும்.

மழை வந்தது, தை வந்தது. குட்டிக்குக் கொம்பு வந்தது, தாடி வந்தது. மறுபடி வேம்பு பூத்தது.

கதவே சாமி

கிடா யாருக்கு நேர்ந்தது? அழகருக்கு அல்ல.

108 திவ்விய தேசங்களில் ஒன்றான திருமாலிருஞ்சோலையில் கோயில் கொண்டிருக்கும் சுந்தரராஜப் பெருமாளுக்குத் தோசையும் பொங்கலுமே நிவேதனம். அவருடைய கோட்டை வாசலில் காவல் நிற்பவர் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. அவருக்கு அங்கே சிலை இல்லை. ராஜகோபுரத்தின் மூடிய பெருங்கதவுதான் சாமி. கதவுக்குச் சந்தனம் பூசுவார்கள், மாலை சாத்துவார்கள். பக்கத்தில் ஆளுயரத்துக்கும் மேலான அரிவாள்கள்.

மலையாள தேசத்திலிருந்து 18 மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்து செல்ல வந்தார்களாம். அவர்கள் மாண்டு, 18 படிகளுக்கு அடியில் புதைந்தார்களாம். அவர்களோடு வந்த கருப்பன் மட்டும் அழகரின் அழகில் மயங்கி, அங்கேயே காவலுக்கு நின்றுவிட்டானாம். இது அந்தப் பக்கத்துத் தல வரலாறு.

கருப்பன் சொல்லுக்குச் சாமி. வயல் வரப்புத் தகராறா, கொடுக்கல் வாங்கலா, "கருப்பன் வாசலில் வந்து சத்தியம் செய்" என்றால் பொய்யன் பின்வாங்கிவிடுவான் என்பது நம்பிக்கை. சித்திரையில் மதுரைக்குப் புறப்படும்போது அழகரே அந்த வாசலில் நின்று, தம்மோடு எடுத்துச் செல்லும் நகைகளின் கணக்கைப் படிக்கச் செய்து, விடைபெற்றுக்கொண்டுதான் போகிறார் என்பார்கள். பெருமாளே கணக்கு ஒப்பிக்கும் இடத்தில், ஒரு கோனார் கொடுத்த வாக்கை மறக்க முடியுமா?

"கெடாவை எப்போ தாத்தா கொண்டுபோவீங்க?" என்று சிறுவன் கேட்டான்.

"வர்ற ஞாயித்துக்கிழமைய்யா."

"கொண்டுபோக வேணாம் தாத்தா."

கிழவர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "உன் கூட்டாளி இன்னைக்கு உன்கூட விளையாடுறானா, இல்லையா?"

"விளையாடுறான்."

"அதுக்குச் சொன்ன சொல்லுய்யா இது."

சிறுவனுக்குப் பதில் தெரியவில்லை. கூட்டாளியும் வேண்டும், கிடாவும் வேண்டும். இரண்டையும் ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் அவனுக்கு விளங்கவில்லை.

உதறாத கிடா

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வண்டி கட்டினார்கள். பாத்திரம் பண்டம், அரிசி, விறகு எல்லாம் ஏறின. கிடாவுக்குக் கழுத்தில் மாலை. நெற்றியில் மஞ்சள் குங்குமம். சிறுவனைக் கண்டதும் அது வழக்கம்போல மடியை முகர்ந்து பார்த்தது. மடியில் நெற்று இருந்தது.

கருப்பன் சந்நிதிக்கு எதிரே ஓர் ஏற்பாடு உண்டு. கிடாவை உடனே வெட்டிவிட மாட்டார்கள். அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதற வேண்டும். உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். உதறாத வரையில் யாரும் கை வைக்கக் கூடாது.

தண்ணீர் தெளித்தார்கள். கிடா அப்படியே நின்றது.

மறுபடி தெளித்தார்கள். அது சுற்றிலும் பார்த்தது, அசையவில்லை. "என்ன குறை வைத்தோம் கருப்பா?" என்று வீட்டுப் பெண்கள் கும்பிட்டார்கள். சிறுவனின் நெஞ்சு அடித்துக்கொண்டது. 'உதறாதே, உதறாதே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். எல்லாரும் ஒரு வேண்டுதலோடு நின்ற இடத்தில், அவன் மட்டும் எதிர் வேண்டுதலோடு நின்றான்.

மூன்றாம் முறை தண்ணீர் காதுக்குள் போயிற்று. கிடா தலையை உதறியது. உடம்பு முழுவதும் சிலிர்த்தது. குலவைச் சத்தம் எழுந்தது.

சிறுவன் புளிய மரத்துக்குப் பின்னால் ஓடிவிட்டான்.

மதியம் பந்தி போட்டார்கள். சிறுவன் இலையில் கை வைக்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குழம்புச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, இலையை மாற்றி, ரசம் ஊற்றினாள். தலை குனிந்து இரண்டு வாய் சாப்பிட்டவன் நிமிர்ந்து பார்த்தான். எதிர்ப் பந்தியில் கோனார் தாத்தா. அவர் இலையிலும் ரசம் சோறுதான்.

"வளர்த்தவன் வாயில் அது இறங்குமா?" என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அந்தப் பந்தியில் இரண்டு பேர் கறி சாப்பிடவில்லை. ஒருவர் வாக்குக் கொடுத்தவர். மற்றவன் வாக்கு வேண்டாம் என்று சொன்னவன்.

சட்டமும் கேட்டது

அந்தச் சிறுவனுடைய கேள்வி சிறுபிள்ளைக் கேள்வி அல்ல. நாட்டின் சட்டமன்றங்களே அதைக் கேட்டிருக்கின்றன.

சென்னை ராஜ்யத்தில் 1950-ஆம் ஆண்டிலேயே கோயில்களில் மிருகங்களையும் பறவைகளையும் பலியிடக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. கிடா வெட்டு நாட்டில் இருந்தது. 1960-ஆம் ஆண்டு நாடு முழுமைக்கும் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டமோ, மத வழக்கப்படி ஒரு மிருகத்தைக் கொல்வது அந்தச் சட்டத்தின்படி குற்றமாகாது என்று 28-வது பிரிவில் விலக்கு அளித்தது.

2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பழைய சட்டத்தைக் கண்டிப்பாக அமல் நடத்தும்படி தமிழக அரசு உத்தரவிட்டது. கிராமங்களில் பெரும் மனக்கொதிப்பு. 'எங்கள் சாமிக்கு எங்கள் வழியில் செய்வதை யார் தடுப்பது?' என்பது ஒரு கட்சி. 'வாயில்லாச் சீவனின் உயிரைக் கேட்கும் சாமியும் உண்டா?' என்பது எதிர்க் கட்சி. அடுத்த ஆண்டே, 2004-ல், தடை நீங்கியது. 1950-ஆம் ஆண்டுச் சட்டமும் ரத்தாயிற்று.

இரண்டு கட்சியிலும் நியாயம் பேசியவர்கள் உண்டு. ஆனால் அந்த வாதங்களில் எங்கும் இடம் பெறாத ஒருவர் உண்டு. தாமே வளர்த்து, தாமே நேர்ந்து, தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ரசம் சோறு சாப்பிட்ட கிழவர். கிடா வெட்டுகிறவர்கள் எல்லாரும் கல் நெஞ்சர்கள் என்று நினைப்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை. பயிருக்கு மழையும் பிள்ளைக்கு உயிரும் தன் கையில் இல்லை என்று அறிந்த மனிதன், தன்னிடம் இருப்பதில் பிரியமான ஒன்றைக் கொடுத்தான். பிரியம் இல்லாததைக் கொடுத்தால் அது காணிக்கை ஆகாது என்பது அவனுடைய கணக்கு.

துருத்தி எந்த ஆட்டின் தோல்?

சித்திரை வந்தது. அழகர் கள்ளர் திருக்கோலம் பூண்டார். தலையில் கொண்டை, கையில் வளைதடியும் நேரிக்கம்பும். மாலையில் கருப்பனிடம் விடைபெற்று, பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி என்று ஊர் ஊராக மண்டகப்படி ஏற்றுக்கொண்டு புறப்பட்டார். மறுநாள் மூன்றுமாவடியில் எதிர்சேவை. அதற்கு அடுத்த நாள் விடியலில் தங்கக் குதிரை மேல் ஏறி வைகையில் இறங்குவார். பழைய நாளில் சுற்று வட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு அழகருக்குப் பின்னால் போகும். கோனார் வீட்டு வண்டியும் போயிற்று. சிறுவனும் ஏறிக்கொண்டான்.

சித்திரை வெயிலில் மலையிலிருந்து வரும் அழகருக்கு உடம்பு சுடாதா? அதற்காக அடியார்கள் தண்ணீர் பீய்ச்சுவார்கள். சல்லடமும் உருமாலும் கட்டி, தோளில் துருத்தி தொங்க, ராமராயர் மண்டபத்தில் அவர்கள் கூடும் காட்சி கண்கொள்ளாதது. துருத்தி என்பது தோல் பை. அதில் வாசனைத் தண்ணீரை நிரப்பி, இடுக்கி அழுத்தினால், நுனியிலுள்ள சிறு குழாய் வழியாகத் தாரை பூப்போலச் சிதறும். பின்னாளில் சிலர் விசைப் பம்புகளைக் கொண்டுவந்து வேகமாகத் தண்ணீர் அடிக்கத் தொடங்கியபோது, பழைய முறைப்படி தோல் பையால்தான் பீய்ச்ச வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-ஆம் ஆண்டு உத்தரவிட்டது.

அந்தத் தோல் ஆட்டுத் தோல்.

சிறுவனுக்கும் ஒரு சின்னத் துருத்தி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதைத் தோளில் மாட்டியவன் தடவிப் பார்த்தான். ஓரத்தில் இரண்டு கருப்பு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. தங்கக் குதிரை அசைந்து வந்தபோது, எல்லாரும் "கோவிந்தா!" என்று கூவிப் பீய்ச்சினார்கள். அவனும் கண்ணை மூடிக்கொண்டு, பையை நெஞ்சோடு அணைத்து அழுத்தினான்.

தவளைக்கு மோட்சம்

மறுநாள் வைகைக் கரையில் தேனூர் மண்டபம். அழகர் இத்தனை தூரம் எதற்காக வருகிறார் என்று அங்கேதான் சிறுவனுக்குச் சொன்னார்கள். சுதபஸ் என்ற முனிவர் துருவாச முனிவரின் சாபத்தால் மண்டூகமாக, அதாவது தவளையாகப் போய்விட்டார். வைகைக் கரையில் அழகரை நினைத்துத் தவம் செய்தார். அவருக்குச் சாபம் நீக்கி மோட்சம் கொடுக்கவே அழகர் மலையை விட்டு இறங்கி வருகிறார்.

சிறுவன் யோசித்தான்.

"தாத்தா, தவளைக்கு மோட்சம் குடுக்க இம்புட்டு தூரம் வர்ற சாமி, நம்ம கெடாவுக்கும் குடுத்திருக்குமா?"

கிழவர் உடனே 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் அப்படித்தான் சொல்வது வழக்கம். அவர் சொல்லவில்லை.

"நானும் அதைத்தான்ய்யா கேட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்றார். இரண்டு பேரும் அழகரைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

அழகர் மலைக்குத் திரும்பினார். வண்டியும் ஊருக்குத் திரும்பியது. கோனார் வீட்டுத் தொழுவத்தில் வெள்ளாடு ஒன்று புதிதாக இரண்டு குட்டி போட்டிருந்தது. ஒன்று செவலை; ஒன்று கருப்பு. சிறுவன் கருப்புக் குட்டியின் அருகே போகாமல் தூரத்திலேயே நின்றான்.

"இது நேர்ந்ததா தாத்தா?"

"இல்லைய்யா. இது சும்மா வளர்றது."

சிறுவன் அதற்குப் பிறகும் சற்று நேரம் நின்றான். அப்புறம் மெல்லக் கருவேல மரத்தடிக்குப் போய் நெற்றுப் பொறுக்கத் தொடங்கினான்.

இப்படிப்பட்ட சிறுவர்களில் சிலர் பின்னாளில் கறியைத் தொடாதவர்களாக ஆனதுண்டு. சிலர் தாங்களே கிடா நேர்ந்துவிட்டதும் உண்டு. எப்படி ஆனாலும், வேம்பு பூக்கும் நாளில் கருவேல மரத்தடியில் ஓர் ஆடு கத்தினால் அவர்கள் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.